முப்பது நிமிடம் கழித்து மறுபடி கேள்

நாள் 212. 09:10

செவ்வாய்க் கிரகம், தாழ்நிலத் தளம். எழுதுவது பொறியாளர் சுகிர்தபாய். காற்று சரி. தண்ணீர் சரி. வெளியே தூசி, வழக்கம்போல.

ஆள் இரண்டே பேர். நானும் பாறை ஆய்வாளர் மைமூனாவும். நேற்று அவள் வண்டி சரிவில் கவிழ்ந்தது. பதிவில் இருக்கும் அவளுடைய கடைசிச் செய்தி: "சுகிர்தாக்கா, வண்டி கவுந்துட்டு. கை கால்லாம் நல்லாத்தான் இருக்கு. மூச்சுதான் ஏறமாட்டேங்குது. சீக்கிரம் வாங்க." போனேன். விலா எலும்பு இரண்டு பக்கமும் நொறுங்கியிருந்தது. தொண்டையில் குழாய் செருகி, சிகிச்சைக் கட்டிலில் போட்டிருக்கிறேன். இனி அவளுக்காக மூச்சு விடுவது கட்டில்தான்.

மருத்துவரோடு கப்பல் 221ஆம் நாள் வருகிறது. அதுவரை கட்டில் ஓட வேண்டும். எனக்கு வேறு வேலையே கிடையாது.

நாள் 212. 16:40

இந்தக் குறிப்பு யார் கையில் சிக்குமோ தெரியாது. ஆகவே இந்தக் கருமத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கட்டில் எங்களுடையது இல்லை. உயிர்த்துணை என்ற நிறுவனத்துடையது. பூமியில் இருக்கும் அவர்கள் சர்வர் தரும் டோக்கன் இருந்தால்தான் அது என் சொல்லைக் கேட்கும். டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும். அதோடு ஒரு புதுப்பிப்புச் சீட்டும் வரும். அதைக் காட்டினால் அடுத்த டோக்கனும் அடுத்த சீட்டும் கிடைக்கும். ஒரு சீட்டை ஒரே ஒரு தடவைதான் காட்டலாம்.

ஏன் இந்த ஏற்பாடு என்று ஒரு முறை கேட்டேன். திருட்டைத் தடுக்கவாம். செவ்வாயிலிருந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு எந்தச் சந்தைக்கு ஓடுவேன்?

மணிக்கொரு தரம் உட்கார்ந்து சீட்டு கேட்க என்னால் முடியாது என்று 40ஆம் நாளே ஒரு சின்னக் கணினி நிரல் எழுதிவைத்தேன். டோக்கன் வந்து பத்து நிமிடத்தில் அது தானாக அடுத்ததைக் கேட்கும். கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் வர இன்று இருபத்தொன்பதரை நிமிடம் ஆகிறது. கைவசம் இருப்பது காலாவதியாகும் முன்பே புதியது வந்துவிடும். நூற்றெழுபது நாளாக ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நாள் 213. 10:15

தூத்துக்குடித் தரைநிலையத்தில் அருள்மணி இருக்கிறான். ஒரு ஆள் உயிர் இதில் தொங்குகிறது, இந்த ஒன்பது நாளுக்காவது டோக்கன் இல்லாமல் ஓட விடச்சொல் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். பதில் வந்தது.

"யக்கா, அவனுவகிட்ட மூணு மணி நேரம் பேசிட்டேன். கட்டில்ல ஆளு கெடக்குன்னு சொன்னா, அப்ப இன்னும் பாதுகாப்பா இருக்கணும்லா சார்ங்கான் ஒருத்தன். படம் போட்டு வெளக்கிட்டேன். மண்டையில ஏற மாட்டேங்கு."

கூடவே நிறுவனத்தின் கடிதம். "தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியமானது. பாதுகாப்பு நலன் கருதி நிரந்தர அனுமதி வழங்கப்படுவதில்லை. தங்கள் நோயாளி இனிதே நலம்பெற வாழ்த்துகள்."

த்தூ. வாழ்த்துகளாம். இதை ஒரு மனிதன் எழுதியிருக்க மாட்டான். எழுதியிருந்தால் அவன் சாப்பிடுகிற சோறு எப்படி உள்ளே இறங்குகிறது?

நாள் 214. 11:00

மைமூனா விழித்திருக்கிறாள். பேச முடியாது, பலகையில் எழுதுகிறாள். முதலில் எழுதியது: "மூக்கு அரிக்கிது அக்கா." சொறிந்துவிட்டேன். அடுத்தது: "நான் எடுத்துட்டு வந்த கல்லு பத்திரமா?" உயிர் போகிற நேரத்தில் கல்லு கேட்கிறாள், பைத்தியக்காரி. பத்திரம் என்றேன். வண்டிக்கடியில் கிடக்கிறது, எடுக்கவில்லை.

மூன்றாவதாக எழுதினாள்: "கட்டில் நின்னுடாதே?"

நான் எழுதிய நிரல் அது, நிற்காது என்று சொன்னேன். சிரித்தாள். குழாயோடு சிரிப்பது பார்க்க நன்றாக இல்லை, ஆனாலும் சிரித்தாள். பயப்படாதே மக்ளே என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நாள் 215. 11:06

கட்டில் நின்றுவிட்டது. 11:00க்கு. திரையில் சிவப்பு: அனுமதி ரத்து. டோக்கனில் இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி இருக்கும்போதே ரத்து.

கையால் அமுக்கும் மூச்சுப்பையைக் குழாயில் மாட்டிவிட்டேன். அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். இதை வாயால் சொல்கிறேன், இயந்திரம் எழுதுகிறது. ஐந்து நொடிக்கு ஒன்று. அவள் கண் திறந்திருக்கிறது. என்னையே பார்க்கிறாள்.

நாள் 215. 13:30

நிறுவனம்: "ஏற்கெனவே பயன்படுத்திய புதுப்பிப்புச் சீட்டை மீண்டும் யாரோ காட்டியிருக்கிறார்கள். திருட்டு முயற்சி எனக் கருதி உங்கள் கணக்கின் எல்லா டோக்கன்களையும் நீக்கியுள்ளோம். நீங்கள்தான் என்பதை உறுதிசெய்ய, கீழ்க்காணும் ஆறிலக்க எண்ணைப் பத்து நிமிடத்துக்குள் பதியவும்."

அந்தச் செய்தி என்னிடம் வந்து சேரவே பதினைந்து நிமிடம் ஆகிறது.

எண் வரும்போதே செத்துப்போய் வருகிறது. இன்னொன்று அனுப்பு என்றேன். அனுப்பினார்கள். அதுவும் செத்தது. நாலு எண் வந்துவிட்டது. ஐந்தாவது தடவை கேட்டதற்கு, அளவுக்கு மீறி முயன்றதால் நாளை காலைவரை முயல முடியாது என்கிறார்கள். சீ. வாந்தி வருகிறது எனக்கு. உண்மையாகவே வருகிறது, கை நிற்கக் கூடாது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

டோக்கன் இல்லாமல் ஓட்ட வழியுண்டா என்று கட்டிலைத் திறக்கப் பார்த்தேன். முழுக்க மூடி வார்த்திருக்கிறார்கள். தண்ணீர் பம்பின் மோட்டாரை மூச்சுப்பையோடு கட்டிப் பார்த்தேன். அடி பலமாக விழுகிறது. அவள் நெஞ்சு தாங்காது. கழற்றிவிட்டேன்.

நாள் 215. 15:50

ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் பதிவுகளைத் தேடினேன். எந்த நாய் அந்தச் சீட்டைத் திருடியது என்று தெரிய வேண்டியிருந்தது.

10:00:00 புதிய டோக்கன் கேட்கப்பட்டது.
10:30:00 பதில் இல்லை. அதே சீட்டோடு மறுபடி கேட்கப்பட்டது.
10:30:04 முதல் கேள்விக்குப் பதில் வந்தது.

யாரும் திருடவில்லை. நான்தான்.

நிரலில் ஒரு வரி இருக்கிறது. முப்பது நிமிடத்தில் பதில் வராவிட்டால் மறுபடி கேள். அதை எழுதிய நாளில் பூமி பக்கத்தில் இருந்தது, போய்வர எட்டு நிமிடம். எட்டுக்கு முப்பது தாராளம் என்று கைக்கு வந்த எண்ணைப் போட்டேன். அப்புறம் பூமி நாளுக்கு ஏழெட்டு நொடி வீதம் விலகிக்கொண்டே போனது. எனக்கு அது தெரியும். தினமும் காலையில் அந்தக் கணக்கை நானேதான் எழுதுகிறேன். இன்று போய்வர முப்பது நிமிடம் நான்கு நொடி. என் நிரல் நான்கு நொடி பொறுக்கவில்லை. செலவழிந்த சீட்டை இரண்டாம் தடவை நீட்டியது. அவர்கள் சர்வர் திருடி என்றது.

தூரத்தில் இருக்கிற எவனையோ மூன்று நாளாகக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். இப்போது என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கைதான் அவளுக்கு மூச்சும் கொடுக்கிறது.

முப்பதை அறுபதாக்கிவிட்டேன். அரை நிமிட வேலை.

அவளிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்க முடியவில்லை. பலகையை எடுத்து எழுதினாள்: "சரி. கை வலிக்கிதா?"

நாள் 216. 09:20

அமுக்கு. ஐந்து. அமுக்கு. வலது கை விரல் மடங்கவில்லை, முழங்கையை வைத்து அழுத்துகிறேன்.

அருள்மணி: "யக்கா, போன்ல பேசி ஒண்ணும் ஆவல. பைக்கெடுத்துட்டு மதுரை ஆபீஸுக்கே வந்துட்டேன். வாசல்லதான் நிக்கேன். பத்து மணிக்குத்தான் தொறப்பானுவளாம். எண்ணை எனக்கு அனுப்பச் சொல்லி நானே இங்க பதிஞ்சிருதேன். நீங்க தூங்கிராதிய. யக்கா, கேக்கா? தூங்கிராதிய."

கேட்கிறது.

நாள் 216. 13:05

அருள்மணி: "கணக்கு உங்க பேர்ல இருக்காம். ஒங்க கையெழுத்து வேணுங்கான். செவ்வாய்ல இருக்கவங்க எப்படிடே வந்து கையெழுத்துப் போடுவாவன்னு சத்தம் போட்டேன். பெரிய ஆபீசரைக் கூப்புடப் போயிருக்கான். வாங்காம எந்திரிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

மைமூனா தூங்குகிறாள். உதடு நீலமாக இல்லை. நீலமாக இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாட்டு பாடினேன், கத்தினேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அமுக்கு. ஐந்து.

நாள் 216. 17:25

16:10 வரை நினைவிருக்கிறது.

17:09க்குக் கட்டில் சத்தமிட்டது. எழுந்தேன். தரையில் கிடந்தேன். திரையில் பச்சை. டோக்கன் வந்துவிட்டது. அருள்மணி வாங்கிவிட்டான்.

கட்டில் மூச்சு விட ஆரம்பித்தது. அவள் மார்பு ஏறுகிறது, இறங்குகிறது. கழுத்தில் கை வைத்தேன். நாடி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், பத்து நிமிடம். உடல் ஆறிப்போயிருக்கிறது.

தூங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

நாள் 216. 18:36

கட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆள் படுத்திருக்கும் கட்டிலை நிறுத்த மருத்துவர் கையொப்பம் வேண்டுமாம். மருத்துவர் கப்பலில் இருக்கிறார். இன்னும் ஐந்து நாள். மின்சாரத்தைத் துண்டித்தால் தன் பேட்டரியில் ஓடுகிறது, அது பத்து நாள் தாங்கும். குழாயைக் கழற்றினால் ஊளையிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை, மறுபடி மாட்டிவிட்டேன்.

என் நிரல் அருமையாக வேலை செய்கிறது. 17:49க்கு ஒரு டோக்கன், 18:29க்கு ஒரு டோக்கன். பிழை ஏதுமில்லை. இப்படியே விட்டால் ஐந்து நாளும் இவளைச் சாக விடாமல் வைத்திருக்கும். செத்தவளை.

உயிர்த்துணை: "சேவை மீட்கப்பட்டது. நோயாளி சீராகச் சுவாசிக்கிறார்."

நிரலை நிறுத்திவிட்டேன். இனி அது எதையும் கேட்காது. கைவசம் உள்ள டோக்கன் 19:14க்குக் காலாவதியாகும். அதோடு கட்டிலும் நின்றுவிடும்.

நாள் 216. 19:08

அருள்மணி: "யக்கா, கெடைச்சிட்டு! பச்சை வந்துச்சா? மைமூனாட்ட சொல்லுங்க, நா வாசல்லயே அழுதுட்டேன்னு. சத்தமே காங்கல, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

இன்னும் பதில் அனுப்பவில்லை.

நாள் 216. 19:13

மார்பு ஏறி இறங்குகிறது. பார்க்க உயிரோடு இருப்பதுபோலவே இருக்கிறது. இரண்டு தடவை நிரலைத் திரும்ப ஓட விடப் போனேன். இப்போது கேட்டாலும் பதில் வர அரை மணி ஆகும் என்பது தெரியும். தெரிந்தும் கை போகிறது, வெட்கங்கெட்ட கை.

ஏறுகிறது.

இறங்குகிறது.

ஏற