படத்துக்கு வெளியே ஒரு தீவு

ஜூன் 14, 1964, ஞாயிறு
முதுநகர்

இந்த டைரி பினாங்கிலிருந்து இவர் கொண்டுவந்தது. ஓரமெல்லாம் தங்க வர்ணம். இதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "வாயால சொல்ல முடியாததை எழுது, சைதுன்" என்றார். என் வாயால் சொல்ல முடியாதது என்று ஒன்று உண்டா? இவருடைய அக்கா அமீனா மதினியைக் கேட்டால் தெரியும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பாயில் நான்கு படங்களைப் பரப்பினார். தபால் அட்டை அளவு, கலர் படங்கள். பினாங்கு, லங்காவி, வாயில் நுழையாத பெயரில் இன்னும் இரண்டு தீவுகள். "இந்தத் தடவை நீயும் கப்பல்ல வா. பத்து நாள் கடக்கரையில உக்காந்திருப்போம். சமையல் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ரெண்டு மாசம் இருந்துட்டு ஊர்க்காரங்களோட திரும்பிடலாம். எந்தத் தீவுன்னு நீயே சொல்லு."

கையைக் கழுவிவிட்டு வந்துதான் படங்களைத் தொட்டேன். தண்ணீர் அப்படியும் ஒரு நீலமாக இருக்குமா? எங்கள் கடல் உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள்தான் நாங்கள் அதைப் பார்ப்போம். ஸபர் மாசத்து ஒடுக்கத்துப் புதனன்று பெண்டுபிள்ளைகளை எல்லாம் வண்டியில் ஏற்றித் தேவனாம்பட்டினம் கூட்டிப் போவார்கள். பீடை கழியட்டும் என்று காலை நனைத்துவிட்டு வருவோம். மதினி கண்ணுக்கு எட்டிய தூரம்வரைதான் என் கடல்.

ஜூன் 17

லங்காவி.

ஜூன் 18

இல்லை, பினாங்குதான். பதினோரு வருஷமாக இவர் இருக்கிற இடத்தை நான் பார்க்க வேண்டாமா?

ஜூன் 21, ஞாயிறு

சிதம்பரத்திலிருந்து என் தம்பி ரஃபியுதீன் வந்திருந்தான். அங்கே துணிக்கடை வைத்திருக்கிறான். படங்களைப் பார்த்துவிட்டு, "அந்தமானுக்குப் போங்க மச்சான். நம்ம தேசம், பாஸ்போர்ட் வேணாம்" என்றான்.

"அந்தமானா? கொலை பண்ணவன் போற எடம்ல அது?" என்றாள் மதினி. "தீவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாகூருக்குப் போய்ட்டு வாங்க, பரக்கத்தாவது கெடைக்கும்."

இவர் சிரித்தார். ரஃபியுதீன் விடவில்லை. கிள்ளைக்குப் பக்கத்தில், சுரபுன்னைக் காட்டைத் தாண்டினால், வெறும் மணலாகவே ஒரு தீவு இருக்கிறதாம். இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல். மீன்பிடிக்கிறவர்கள் தவிர யாரும் போவதில்லையாம். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? நான் பினாங்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

இன்று ஒரு விஷயம் மனசில் தைத்தது.

போவது என்று ஆனபிறகு விவரம் கேட்க மாட்டேனா? மணல் சுடுமா என்று கேட்டேன். "வெள்ளையா இருக்கும்" என்றார். பெண்கள் எங்கே உட்காருவார்கள்? "ரெண்டு தென்னை மரம் இருக்குது பாரு, அதுக்குக் கீழ." அந்த மரத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது? படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம், "அதே மாதிரிதான்" என்றார்.

படத்தில் இருப்பதைத் தவிர அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்துக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

ஏன்? அங்கே போனதே இல்லையா? பின்னே எங்கே இருந்தார் இத்தனை வருஷம்? கடல் தாண்டிச் சபருக்குப் போனவர்கள் அங்கே ஒரு குடும்பம் வைத்துக்கொள்வது ஊரில் நடக்காததா? பிள்ளை இல்லாத வீடு வேறு இது—

ஜூன் 25

கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஜூன் 27, சனி

மதினி துக்கம் விசாரிக்க ஒரு மையத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டுவிட்டேன். "அங்க யாரு இருக்கா மச்சான்?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சின்னதாகிவிட்டது. கைலி ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கடைக் கதவைத் திறந்தால், அடைக்கும்போது ஊர் அடங்கியிருக்குமாம். படுக்கை கடைப் பரணில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் வெளியே. ரெண்டு தெரு தள்ளிக் கடல்.

"சத்தம் கேக்கும். போனதில்ல. மொதல்ல மொதலாளி என்ன நெனப்பாரோன்னு இருந்துச்சு. அப்புறம் அலுப்பு. அப்புறம் அது ஞாபகத்துலயே இல்ல. கப்பல் ஏற வந்தன்னிக்கித்தான் இந்தப் படம் வாங்கினேன். ஒனக்குக் காட்டணுமேன்னு."

யா அல்லாஹ். நான் இங்கே சுவத்துக்குள்ள இருந்தேன். இவர் அங்க சுவத்துக்குள்ள இருந்திருக்காரு. பினாங்கு மாப்பிள்ளைன்னு ஊரே சொல்லுது, நானும் பெருமையாத் திரிஞ்சேன். அடப்பாவி மனுஷா, ஒரு கடுதாசியில ஒரு வரி எழுதினா என்ன?

கோபமாக இருக்கிறது. அவரை நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருக்கிறது. ஒரு மனுஷன் இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்க முடியுமா?

ஜூலை 2

தீவு முடிவாகிவிட்டது. கிள்ளை.

ஒடுக்கத்துப் புதன் வருகிறது. அன்றைக்கு மட்டும் கடலுக்கு ஏன் போகிறாய் என்று ஒரு பெண்ணை யாரும் கேட்க முடியாது. "வழக்கமா தேவனாம்பட்டினம்தானே?" என்றாள் மதினி. "கடல் ஒண்ணுதானே மதினி" என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்படி நடப்பது அபூர்வம்.

ஜூலை 8, புதன்
சிதம்பரம், ரஃபியுதீன் வீடு

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் மாவிலையில் எழுதிய குர்ஆன் ஓதலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். கிள்ளைவரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி, அப்புறம் பக்கிரியின் படகு. பக்கிரி அந்தக் கழியில் மீன் பிடிக்கிறவர்.

சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் வெயில் போய்விட்டது. மரங்கள் தண்ணீரிலேயே நிற்கின்றன. வேர்கள் எல்லாம் வெளியே, விரல் ஊன்றியதுபோல. பேச வாய் வரவில்லை. என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

காடு முடிந்து மணலில் இறங்கினோம். மேடு ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஏறி நின்றால்—கடல். தேவனாம்பட்டினத்தில் பார்த்ததும் இதே கடல்தான். ஆனால் அங்கே எப்போதும் யாராவது தலை குறுக்கே இருக்கும். இங்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருவரும் இல்லை. துப்பட்டி தலையிலிருந்து நழுவியது. எடுத்துப் போடவில்லை. இத்தனை பெரியதைப் படைத்தவன் என்னையும் படைத்தானா? அழுகை வந்தது. துக்கம் இல்லை.

அவர் செருப்போடு தண்ணீருக்குள் போய்விட்டார். அலைக்கு எப்படி நிற்பது என்றே தெரியவில்லை. ஒரு அலை வந்து ஆளைத் தள்ளி, செருப்பு இரண்டையும் கொண்டுபோய்விட்டது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் சிரிக்கவில்லை. இடுப்புவரை நனைந்து அப்படியே நின்றார்.

"இவ்வளவு பெருசா சைதுன்? அங்க படுத்துக்கிட்டுக் கேக்கறப்ப சின்னதாத்தான் கேக்கும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டவெளியில், பட்டப்பகலில்.

"பாய், தண்ணி எறங்குது, படகு தரை தட்டிடும், வாங்க" என்று பக்கிரி கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

ஜூலை 10
முதுநகர்

கைலியை உதறினேன், முற்றமெல்லாம் மணல். பெருக்கச் சொன்னாள் மதினி. நாளைக்குப் பெருக்கலாம்.

ஜூலை 19, ஞாயிறு

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பல் என்று மதினி நினைவுபடுத்தினாள். என் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இவர் "ம்" என்றார். கடைக்கு ஆள் தேவை என்று ரஃபியுதீன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அங்கே கிடைப்பதில் பாதிகூட அவனால் தர முடியாது. அதற்கும் இவர் "ம்" என்றார்.

இருந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருஷம் அவர் போக்கில் ஒருவரும் அவரை விட்டதில்லை. நானும் இழுக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன். சொல்ல முடியாதது எனக்கும் உண்டுதான்போல.

ஆகஸ்ட் 5, புதன்
சிதம்பரம்

சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியிருக்கும். நாலு மணிக்கு இவர் ரஃபியுதீன் கடையிலிருந்து டீ குடிக்க வீட்டுக்கு வந்தார். தோளில் கடைத் துணியின் நூல் ஒட்டியிருந்தது. டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றார்.

அந்த நான்கு படங்களையும் மதினி கேட்டிருந்தாள். கொடுத்துவிட்டு வந்தேன். சுவரில் மாட்டுவாளாம்.

"வெள்ளிக்கெழம கடை லீவு. பக்கிரிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"புதுச் செருப்பு வாங்க வேணாமா மச்சான்?"

"அங்க போறதுக்கு எதுக்கு?" என்றார்.