செபமாலைக்குச் சொல்லாமல் விட்ட செபம்

அண்ணே,

இந்த வருடமும் பங்கு மக்களும் நானும் ஓரியூர்ப் புனிதர் கோயிலுக்கு நடந்துபோய் வந்தோம். தேவகோட்டை தாண்டி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மதியம் ஓய்ந்து கிடந்தபோது, யாரோ கால் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவினார்கள். அந்த வாடை வந்ததும் எழுந்து உட்கார்ந்து உங்களைத் தேடினேன். நீங்கள் இறந்து மூன்று மாதம் ஆகிறது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் முதல்முறை என்னிடம் வந்தபோது நான் இந்தப் பங்குக்குச் சாமியாராக மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாச்சியாபுரத்தில் தச்சு வேலை பார்ப்பதாகவும், விடியற்காலையில் மனைவி இறந்துவிட்டதாகவும் சொன்னீர்கள்.

"பேரு செபமாலை. வேதக்காரப் பொண்ணு சாமி. உங்க கல்லறையில ஒரு ஓரமா இடம் குடுத்தாப் போதும்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கிறிஸ்தவரல்லாத உங்களோடு அவருக்குக் கோயிலில் திருமணம் நடக்கவில்லை, இருபது வருடமாக அவர் பூசைக்கு வரவில்லை, பங்குப் பேரவை ஒப்பாது என்றேன். பேரவையில் ஒருவரையும் நான் கேட்டிருக்கவில்லை. வந்த இடத்தில் முதல் மாதமே பேச்சு வாங்கவேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். "ஒரு செபமாச்சும் வந்து சொல்லிட்டுப் போங்க சாமி" என்றீர்கள். அதற்கும் நான் அசையவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். உங்கள் கொல்லையிலேயே அவரைப் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் ஓரியூர் நடைப்பயணம் கிளம்பும்போது கூட்டத்தின் கடைசியில் நின்றீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறீர்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"மகனுக்குக் காய்ச்சல் கண்டப்ப, ஓரியூருக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டா சாமி. வந்தா வெரட்டிருவீகளோன்னு பயந்தே கடைசி வரைக்கும் போகலை. அவளுக்குப் பதிலா நான் நடக்குறேன்."

நான்கு வருடம் நடந்தீர்கள். பின்தங்கும் பெண்களின் பைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கொப்புளம் கண்டவர்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, எப்போதும் கடைசி ஆளாக. கோயிலுக்குள் மட்டும் நீங்கள் வந்ததே இல்லை. புனிதர் இரத்தம் சிந்திய இடத்தில் எல்லோரும் மண் எடுக்கும்போது நீங்களும் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொள்வீர்கள். செபமாலையைப் புதைத்த இடத்தில் போடத்தான் என்று தெரியாமல், எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நம்ம பக்கத்து மண்ணும் செவப்புதான் சாமி. ஆனா அவ ஆசைப்பட்டது இந்த மண்ணுக்குத்தான" என்றீர்கள்.

சென்ற வருடம்தான் எனக்கு வாய் வந்தது. கோயிலுக்கு வெளியே மரத்தடியில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் பண்ணினது தப்பு. மன்னிச்சிருங்க."

நீங்கள் கால்விரல்களில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"வருத்தம் இல்லைன்னு சொன்னா அது பொய்யாப் போகும் சாமி. மொதல்ல அந்தச் செபத்தை வந்து சொல்லுங்க. மத்ததை அப்புறம் பாப்போம்."

வருகிறேன் என்றேன். பாஸ்காப் பண்டிகை முடியட்டும் என்றேன். பிறகு ஊர்த் திருவிழா வந்தது, பிள்ளைகளுக்குப் புதுநன்மை வகுப்பு வந்தது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தீர்கள். "என்னைக்கு வாரீக சாமி?" "அடுத்த வாரம் வந்துடுறேன்ணே." நாம் கடைசியாகப் பேசியது அதுதான். ஐப்பசி மழையில் மார்வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்?

ஓரியூரிலிருந்து திரும்பிய மறுநாள் நாச்சியாபுரம் போனேன். மகன் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் பக்கத்திலேயே உங்களையும் வைத்திருந்தார். அம்மாவின் மேட்டில் நீங்கள் கொண்டுவந்து போட்ட மண் எது, ஊர் மண் எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

அடக்கச் செபத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. 'செபமாலை' என்றேன். அடுத்த வரிக்குப் போகும் முன் மகன் கேட்டார்.

"சாமி, அப்பா பேரையும் சேத்துக்கலாமா? அவுக வேதத்துல சேரலை."

"சேத்துக்கலாம் தம்பி."

இரண்டு பெயரையும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் உங்களை ஐந்து வருடம் காக்க வைத்திருக்கிறேன்.

என்னை மன்னித்திருப்பீர்களா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இப்போதெல்லாம் சாவுச் செய்தியோடு யாராவது வாசலுக்கு வந்தால், அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். யார், எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. சாமிக்கு நல்ல மனசு என்று பங்கில் பேசிக்கொள்கிறார்கள். அது நல்ல மனசு இல்லை அண்ணே, பயம். உங்களுக்கு அது தெரியும்.