அண்ணன் படித்த படிப்பு

ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே எல்லோரும் நலம். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளை உன்னால் கட் பண்ண முடியாது.

நீ படித்த அதே கல்லூரியில் எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. அதே மாஸ் கம்யூனிகேஷன். மூன்று வருடத்துக்கு இப்போது எட்டு லட்சம். இருபத்தெட்டாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அப்பா பேங்கில் விசாரித்துவிட்டு வந்து, "உங்க அண்ணன் சமாளிக்கலயா? அவன் டிவியில உக்காந்திருக்கான்ல" என்கிறார். பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் உன் கதை மனப்பாடம். செய்தி முடிந்ததும் ஓடுகிற பெயர்களை இன்னும் தினமும் படிக்கிறார். உன் பெயர் வருவதற்குள் விளம்பரம் போட்டுவிடுகிறார்களாம்.

ஒன்று மட்டும் சொல். உன் சம்பளம் எவ்வளவு, கடன் இன்னும் எவ்வளவு? நான் சேரலாமா?

உன் வாயாடி


ஜூன் 9

அன்பு வாயாடிக்கு,

இடம் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்தப் படிப்பு வேண்டாம். லேப் டெக்னீஷியன் மாதிரி ஏதாவது பார். காரணத்தை நேரில் சொல்கிறேன். இங்கே தலைக்கு மேல் வேலை. அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா என்று பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணாவுக்கு,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்தாயா?

நேரிலா? நீ வந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட ஷூட்டிங் என்றாய். அப்பா வெளியில்தான் உன் புகழ் பாடுவார். வீட்டில், "அவனுக்கு நம்ம வீடு இப்ப சின்னதாத் தெரியுது" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்வதையே நிறுத்தினார்.

நீ படிக்கலாம், நான் படிக்கக் கூடாதா? பள்ளியில் நான் எடுத்த ஐந்து நிமிடப் படத்துக்குப் பரிசு கிடைத்ததும் முதலில் உனக்குத்தானே சொன்னேன்! நீ கணக்கைச் சொல்லாவிட்டால் இருபத்தெட்டாம் தேதி நானும் அப்பாவும் பேங்குக்குப் போகிறோம்.

தங்கை


ஜூன் 20

வாயாடி,

கணக்கு இதுதான். வாங்கியது ஆறு லட்சம். படித்த காலத்து வட்டியும் சேர்ந்துகொண்டது. நான்கு வருடத்தில் கட்டியது நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் நிற்பது ஆறரை லட்சம். தப்பாகப் படிக்கவில்லை நீ. வாங்கியதைவிட அதிகம்தான்.

டிவியில் பதினான்கு மாதம் இருந்தேன். பிறகு ஆட்குறைப்பு. எட்டு மாதம் வேலையில்லை, தவணையும் கட்டவில்லை. இப்போது வாஷிங் மெஷின் கம்பெனியில் இருக்கிறேன். மெஷினை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் வீடியோ செய்வது என் வேலை. "மூடியை அழுத்தி மூடவும்" என்று வருவது என் குரல். சம்பளம் இருபத்திரண்டாயிரம். தவணை ஒன்பதாயிரத்து ஐந்நூறு, வாடகை ஆறாயிரம். மிச்சத்தில் சாப்பாடு, பஸ், எல்லாம். என்னோடு படித்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். இந்தத் துறையில் இன்னும் இருப்பது ஏழு பேர்.

என் அறையில் இன்னொருவர் இருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது அவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். ஞாயிறன்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விடும். திங்கள் காலை கண்டக்டரிடம் "சில்லறை இல்லண்ணே" என்கிறபோது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

அம்மாவின் ஆபரேஷனுக்கு வராததற்கு ஷூட்டிங் காரணமில்லை. போகவர டிக்கெட், லீவுக்குப் பிடிக்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு தவணை தவறும். இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

படித்த மூன்று வருடமும் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இனி நீயே முடிவு செய்.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கொடுக்காதே என்று நீ எழுதவில்லையே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "மூணு வருஷமா வராததுக்கு டிக்கெட் காசுதான் காரணமா?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் எழுதினேன் என்பதுபோல. அம்மா குக்கரை அணைக்க மறந்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி நாங்கள் பேங்குக்குப் போகவில்லை. அன்று முழுவதும் எனக்கு உன்மேல் கோபம். நீ பொய் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்திருப்பேன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறேன். அடுத்த வருடம் அரசுக் கல்லூரியில் மாலை வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம். அங்கே இதே படிப்புக்கு வருடத்துக்கு ஒன்பதாயிரம்தான். கேமரா ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். பரவாயில்லை, வரிசையில் நின்றுகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய். பேச எதுவும் இல்லாவிட்டாலும் செய்.

உன் வாயாடி


ஜூலை 9

அன்பு வாயாடிக்கு,

நேற்று மதியம் அப்பா போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேம்ப்பா" என்றேன். "நெஜமா?" என்றார். பின்னால் டிப்போவில் ஏதோ வண்டியைக் கிளப்பிக் கிளப்பி அணைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும், வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். வைக்கவில்லை. கடைசியில், "வர்றப்ப சொல்லு, ஸ்டாண்டுக்கு வர்றேன்" என்றார்.

உன் இருபத்தெட்டாம் தேதியை நினைத்தால் மனது கனக்கிறது. வந்து உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆறு நாள் இருப்பேன். அந்த மாதத் தவணை தாமதமாகும், அபராதம் போடுவார்கள். போடட்டும்.

அண்ணன்