ரேடியோவில் கேட்ட க்ஷேமம்

மல்லேசுவரம், பெங்களூர்
17-2-1937

தேவரீர் திருவடிகளில் கோமளம் தண்டம் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே எல்லோரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்தை எழுதிக் கேட்க வேண்டியதில்லை, ரேடியோவிலேயே கேட்டாயிற்று.

ஞாயிறு சாயங்காலம் லண்டனிலிருந்து நீங்கள் பேசப்போவதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு உங்கள் தோழர் ஸ்ரீகண்டன் ஓடி வந்தார். தம் அகத்து ரேடியோவுக்குத் தென்னைமரத்திலிருந்து புதுக் கம்பி இழுத்தார். உங்கள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் நீங்கள் கப்பல் ஏறியதற்குப் பரிகாரம் தேடி அழுதவர், அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குக் குங்குமமிட்டு ஆரத்தி எடுத்தார்.

அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே உங்கள் குரல் வந்தது. குரல் கம்பியில்லாமல் மேலே போய், வானத்தில் முட்டி, கடல் தாண்டி இறங்குவதை அழகாகத்தான் சொன்னீர்கள். கைக்குழந்தையாக நீங்கள் விட்டுப்போன பாமா, பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், அலைகளை அளக்கத் துணைநின்ற மனைவி ஈடித்துக்கு நன்றி என்றீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

ஸ்ரீகண்டன் என் முகத்தைப் பார்க்கமாட்டாமல் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா என் தோளை உலுக்கி, குழந்தை என்னடி சொன்னான் என்று கேட்டார். படித்த இங்கிலீஷ் இதற்காவது உதவட்டும் என்று, அம்மா சௌக்கியமா என்று கேட்டார், சீக்கிரம் வருகிறாராம் என்றேன். அவர் பெட்டியைப் பார்த்து, சௌக்கியம்டா கண்ணா, நீ வந்து சேரு என்று பதில் சொன்னார். அதற்குள் அங்கே வேறு யாரோ பியானோ வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். எதிரகத்து ராயரம்மா, நீவே புண்யவந்தரு, நீங்கள்தான் புண்ணியவதி என்று கன்னடத்தில் என்னை வாழ்த்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தலை பின்னும்போது பாமா, உன் பேரை அப்பா தப்பாச் சொன்னாரே, மறந்துபோயிட்டாரா என்று கேட்டாள். கான்வென்டில் இரண்டாம் கிளாஸ் படிக்கிறாள். அவ்வளவு இங்கிலீஷ் வந்துவிட்டது. பாட்டியிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். எட்டு வயதுக் குழந்தைக்குப் பொய்யைக் கட்டிக்காக்கக் கற்றுக்கொடுக்க வைத்துவிட்டீர்கள். இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு மார்வலி அடிக்கடி வருகிறது. மறுபடி எப்போது பேசுவான் என்று ஸ்ரீகண்டனைத் தினம் நச்சரிக்கிறார். அப்படிப் பேசும்போது, அம்மா சௌக்கியமா என்று தமிழில் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் சொன்ன பொய்யில் அதையாவது மெய்யாக்குங்கள். சீக்கிரம் வருகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். என் பெயரையும் சொல்ல வேண்டாம். மறந்திருந்தால் கீழே எழுதியிருக்கிறேன்.

அங்கே பனிக்காலம் என்கிறார்கள். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோமளம்