ஆற்றுப்படுத்துநரின் அட்டை

7 ஜூலை 2025, திங்கள். வில்லியனூர்.
காலைப் பூசைக்குப் பின் மகன் முத்துக்குமாரின் அச்சகத்தில் இருந்தேன். விஜயராணி என்னும் பெண்மணி வந்தார். பாகூர்ப் பக்கத்துப் பள்ளிகளில், பதின்பருவப் பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் பணி. விசிட்டிங் கார்டு வேண்டுமாம். ‘கவுன்சிலர்’ என்று போட்டால் ஓட்டுக் கேட்க வந்தவர் என்று நினைக்கிறார்களாம்.
‘ஆற்றுப்படுத்துநர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு என்றால் வழி. வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படுத்தல். இதனினும் பொருந்தும் சொல் உண்டோ?
பேத்தி யாமினி, வயிற்றுவலி என்று இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. பதினொன்றாம் வகுப்பு.

9 ஜூலை.
ஐந்நூறு அட்டைகள் அச்சாயின. தாமரை ஓரம், நடுவே அகல்விளக்கு. நிறைவு.

14 ஜூலை, திங்கள்.
விஜயராணி மிச்ச அட்டைகளுடன் திரும்பி வந்தார்.
“கோச்சுக்காதீங்க ஐயா. ‘மிஸ், எங்கள ஆத்துல படுக்க வெப்பீங்களா’ன்னு கிளாஸே சிரிக்குது.”
சிரிப்புப் போகட்டும். பள்ளி வாசலில் கிழித்தெறிந்த துண்டுகளாம். ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறார். “வூட்ல பாத்தா உனுக்கு இன்னா பிரச்னைன்னு நோண்டுவாங்க மிஸ்.”
விளக்கும் வேண்டாம், பட்டமும் வேண்டாமாம். பெயர், எண், ‘என்கிட்ட பேசலாம்’ — இவ்வளவே போதுமாம். ‘என்னிடம்’ என்றாவது இருக்கட்டும் என்றேன்.
“அப்படிப் போட்டா ஹெட்மாஸ்டர் கூப்புடுற மாதிரி இருக்குங்க ஐயா.”
எழுதித்தர மறுத்துவிட்டேன்.

15 ஜூலை.
மறுத்தது சரியே.

17 ஜூலை, வியாழன்.
யாமினி இரவும் உண்ணவில்லை. முத்துக்குமார் கத்தினான். “இன்னாடி உனுக்குக் கொற? சொல்லித் தொலையேன்!”
பிறகு நான் அவளை அருகே அமர்த்தி, “என்னிடம் கூறம்மா” என்றேன்.
“ஒண்ணுமில்ல தாத்தா.”
எழுந்து போய்விட்டாள்.
என்னிடம். கூறம்மா. — அட, இவ்ளோ படிச்சு இன்னாதான் பண்ணேன் நான்?

18 ஜூலை.
‘என்கிட்ட பேசலாம்.’ என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பின்பக்கம் காலண்டர் அச்சிடச் சொன்னதும் நானே. பென்சில் பெட்டியில் காலண்டர் கிடந்தால் எந்த வீட்டிலும் கேள்வி எழாது.

21 ஜூலை.
புதிய அட்டைகள் போய்விட்டன. ஒன்றை மட்டும் பதிகப் புத்தகத்தில் அடையாளமாக வைத்துக்கொண்டேன். புத்தகம் கூடத்து மேசையில்தான் கிடக்கும்.

24 ஜூலை, வியாழன்.
புத்தகத்தில் அட்டை இல்லை. பக்கம் தவறாதிருக்க, அதே இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாமினி பள்ளிக்குப் போகும் பஸ்.
மாலையில் கிணற்றடியில் போனுடன் நின்றாள். “அக்கா… நான்…” என்ற குரல் ஜன்னல் வழியே வந்தது. அவ்வேளையில் முத்துக்குமார் கூடத்தில் வந்து அமர்ந்தான்.
மனத்துள்ளேயே ஓதுவது என் வழக்கம். இன்று வாய்விட்டு உரக்க ஓதினேன்.
“இன்னாப்பா, இன்னிக்கு இவ்ளோ சத்தம்?”
“காது மந்தமாயிருக்கிறது” என்றேன்.
பொய். அடுத்த பதிகத்தையும் அதே குரலில் ஓதினேன்.