ஊட்டுல ஊடு, பலகையில வீடு

அன்புத் தங்கச்சி, அம்மிணி பாவாயிக்கு,

மாசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மறுநாளே, நிலக்கடலை கொட்டிவைக்கும் கொட்டாயைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஏற்பாடு உனக்கு மறந்திருக்காது. போர்டு பள்ளிக்கூடத்தில் நான் பகலில் நடத்திப் பாதியில் விட்ட பாடத்தைச் சாயங்காலம் கொட்டாயில் நீ முடிப்பாய். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளும் அதனால்தான் வகுப்போடு ஒட்டிக்கொண்டார்கள். 'வீடு' என்று எழுதியதை அவர்கள் 'ஊடு' என்று படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ சிரித்துக்கொண்டே, "ஊட்டுல ஊடு, பலகையில வீடு" என்பாய். என் பிரம்புக்கு வராத எழுத்து உன் சிரிப்புக்கு வந்துவிடும்.

போன வாரம் சங்ககிரியிலிருந்து மாமன் வீட்டுக்கு வந்த ஒரு பெண்குழந்தை பள்ளியில் சேர்ந்தாள். உன்னைப் பார்த்தே இராதவள். அவளும் 'ஊடு' என்றுதான் படித்தாள். நான் முறைப்பதற்குள், "ஊட்டுல ஊடுங்க, பலகையில வீடுங்க" என்றாள்.

"ஆரு சாமி சொல்லிக்குடுத்தது?"

"கொட்டாய்ல அக்கா சொன்னாங்க."

மற்ற பிள்ளைகள் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விசாரித்தேன். இல்லை என்று எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். என் கை தானாகச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

ஊர் பயந்துவிட்டது. கொட்டாய்க்குச் சொந்தக்காரரான பெரியவர் அதைப் பிரித்துவிடப்போவதாகச் சொன்னார். நீ போனதும் நின்ற சாயங்காலப் பாடம், பிரித்துவிட்டால் ஆட்டுக்காரப் பிள்ளைகளுக்கு இனி இல்லவே இல்லை. சாயங்காலமும் நானே நடத்துகிறேன் என்று கெஞ்சினேன். அரை மனதோடு சரி என்றார்.

நேற்றுப் பொழுது சாயும்போது திறந்தேன். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த தரை கூட்டிவிட்டதுபோல் இருந்தது. பிள்ளைகள் கொட்டாய்க் கம்பத்தடியில் நீ உட்காரும் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சங்ககிரிக் குழந்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். யாருக்கு, அம்மிணி?

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கம்பத்தடியைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் 'வீ'யின் மேல்சுழியை விட்டுவிட்டேன். கரும்பலகையில் 'வீடு' என்பது 'விடு' என்று விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. கலையும்போது பிள்ளைகள் "போயிட்டு வாரோமுங்க" என்றது என்னைப் பார்த்து அல்ல, கம்பத்தைப் பார்த்து.

இனி நீ ஓய்வெடு, இதை விட்டுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இன்று காலை போய், நேற்று நானே பூட்டிய கொட்டாயைத் திறந்து பார்த்தேன். பலகையில் 'வீடு' என்று இருந்தது. சுழி போட்டிருந்தது.

சரி அம்மிணி. நானும் விடமாட்டேன். பகலில் மிஞ்சுவதை எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் வாரேன்.

நீ இன்னமும் திருத்திக்கொண்டிருக்கும்
உன் அண்ணன்