சிநேகிதருக்கு மகாபலிபுரத்தில் ரூம்

கோவளம், செங்கல்பட்டு ஜில்லா
3-12-1955

அல்லாஹ் காவலில் பினாங்கிலே இருக்கும் மகன் அப்துல் மாலிக்குக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், அத்தா, தங்கச்சி சைதூன் எல்லாரும் சுகம். நீயும் சுகம்னுதான் எழுதறே, நம்பறேன்.

உன் சிநேகிதர் யாரோ சம்சாரத்தோட ஊர் பார்க்க வர்றாராம், மகாபலிபுரத்துல வாடகை கம்மியா ஒரு ரூம் பார்த்து வைக்கணும்னு நைனா முகம்மது மாமாவுக்கு எழுதியிருந்தியே. எங்களுக்கு எழுதாம மாமாவுக்கு எழுதினதே எனக்கு உறுத்திச்சு, அதான் நானும் அவரோட கால்வாய்ப் படகுல கிளம்பிட்டேன். சொல்றேன் கேளு, அந்த ஊர்ல ஒருத்தரையும் நம்பறதுக்கில்லை. சர்க்கார் பங்களாவுல ஆபீசருங்க முன்னாடியே சொல்லி வச்சிடறாங்களாம். சத்திரத்துல நமக்கு இடம் தருவாங்களான்னு கேட்கவே மாமா கூச்சப்பட்டார். கடைசியில தேசப்பன்னு ஒருத்தர் தன் வீட்டு மாடியில ரூம் விடறார். எங்களுக்கு நாள் வாடகை மூணு ரூபான்னார், பின்னாடியே வந்த வெள்ளைக்காரருக்கு அதே ரூம் எட்டு ரூபான்னார். நமக்குக் குறைச்சுச் சொன்னதுலதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாச்சு. போர்வையை மோந்து பார்த்தேன், தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு இழுத்தேன், கிணத்துத் தண்ணியை வாயில ஊத்தினேன், ஒரே உப்பு. இன்னாம்மா, ரூம் பாக்க வந்தியா திருடன் புடிக்க வந்தியான்னு கேட்டார் அந்த மனுஷர்.

அப்புறம் மாமா உன் கடுதாசியைப் பிரிச்சு நீ கேட்டதையெல்லாம் அவருக்குப் படிச்சுக் காட்டினார். சமையல்ல மிளகாய் கூடாது, அந்தம்மாவுக்கு ஒத்துக்காது. சரி. கோவளத்து ஆளுங்க வந்து போற இடமா இருக்கக் கூடாது. ஏன், நம்ம ஜனங்க அவரை இன்னா கடிச்சா தின்னுடுவாங்க? கடல் பக்கம் ஜன்னல் வேண்டாம், காத்து அடிச்சா அவருக்குக் காது குத்தும். தேசப்பன் சிரிச்சுட்டார், கடலைப் பாக்கத்தானே டப்பு குடுத்து வராங்க, இது இன்னா புது மாதிரியா கீதேன்னு. எனக்குச் சிரிப்பு வரலை. அப்படியே படியில உட்கார்ந்துட்டேன். காத்துக்குப் பயந்து தலையில துண்டைச் சுத்திக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை இந்தக் கரையில ஒருத்தன்தான், அவனைப் பெத்தவ நான்.

மாலிக்கு, யாரை ஏமாத்தறே? கல்யாணம் பண்ணிக்கிட்டியா? அத்தாவுக்குப் பயமா? கத்துவார், ரெண்டு நாள் சோறு வேணாம்பார், மூணாம் நாள் தானா வந்து உட்காருவார், அந்தப் பேஜாரு என்னோடது. ஆனா கடல் தாண்டிக் கூட்டி வந்த பொண்ணை வாடகை ரூம்ல ஒளிச்சு வச்சுட்டு, நீ மட்டும் வந்து எனக்கு முகத்தைக் காட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சியே, அதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. அப்படி இன்னாடா செஞ்சேன் உனக்கு?

ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்கலை. நிஜமாவே சிநேகிதர்தான்னா தப்பு என் மேல, தேசப்பன் வீடு எதுன்னு மாமாவுக்குத் தெரியும். இல்லைன்னா நேரா நம்ம வூட்டுக்குக் கூட்டி வா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் கொடுப்பான். பதிலை மாமா கடை விலாசத்துக்குப் போடு, அத்தா கையில சிக்கக் கூடாது. அவ பேரை மறக்காம எழுது. அஞ்சு வேளையும் உன் பேரைச் சொல்லி துஆ கேட்கறேன், அவளுக்கு என்ன பேர் சொல்லிக் கேட்கறது?

உன் அம்மா
ஷரீபுன்னிசா